கேட்பதற்கு முன் தட்டிப் பாருங்கள்: வினாடி வினா நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் ஊர் நூலகத்தில் எட்டு வருடங்களுக்கு முன் பொங்கல் விடுமுறையில் ஒரு வினாடி வினா நடத்தினேன். நான் மேடையேறி நடத்திய முதல் நிகழ்ச்சி அது. மூன்றாவது சுற்றில், "கோபுரத்தின் நிழல் தரையில் விழாத தமிழ்நாட்டுக் கோயில் எது?" என்று கேட்டேன். ஒரு அணி "தஞ்சைப் பெரிய கோயில்" என்றது. பத்து மதிப்பெண் போட்டேன். அப்போது பார்வையாளர் பக்கம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், எங்க பாட்டி வீடு தஞ்சாவூர்தான். லீவுக்குப் போனா சாயங்காலம் அந்த நிழல்லதான் சார் உட்காருவோம். கல்லு சுடும்ல, அதனால நிழல் போற பக்கமா நகர்ந்து நகர்ந்து உட்காருவோம்."

அவள் சொன்னதுதான் சரி. எங்கோ படித்ததை அப்படியே கேள்வியாக்கியிருந்தேன். அந்தக் கேள்வியை அங்கேயே ரத்து செய்து, வேறு கேள்வி கொடுத்தேன். அடுத்த மாதம் தஞ்சாவூருக்குப் போய் மாலை நாலரை மணிக்குப் பிராகாரத்தில் நின்றேன். விமானத்தின் நிழல் கல் தரையில் நீண்டு கிடந்தது. விளிம்பில் ஒரு கால் வெயிலிலும் ஒரு கால் நிழலிலும் வைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட கல் சுட்டது, நிழல் பட்ட கல் ஆறியிருந்தது. உச்சி வெயிலில் நிழல் குறுகி, அகலமான அடிப்பகுதி மேலேயே விழுந்துவிடும். கதை அதிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

அந்தக் கோயிலைப் பற்றித் தேடப்போனதில்தான் இன்னொரு விஷயம் கிடைத்தது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவைப் பணி 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அதை நடத்தினார். காவிரிப் படுகையோ தட்டை நிலம். ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைச் சரிசெய்து, வேலையைத் தொடர்ந்தார். இதே அளவைப் பணிதான் பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டது.

நிழல் விழாத கோபுரத்தைவிட இது எனக்குப் பல மடங்கு பெரிய ஆச்சரியம். பொய்யான ஒரு செய்தியைத் தட்டிப் பார்க்கப் போனால், அதன் பின்னாலிருந்து அதைவிட நல்ல உண்மை ஒன்று வந்து நிற்கிறது. இந்த எட்டு வருடத்தில் இப்படிப் பல தடவை நடந்துவிட்டது. பள்ளியிலோ குடியிருப்பிலோ குடும்ப விழாவிலோ வினாடி வினா நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு, நான் வேலை செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு நோட்டு

செல்போனில் குறிப்பு எழுதலாம், தவறில்லை. ஆனால் மேடையில் யாராவது ஆட்சேபித்தால் சட்டென்று புரட்டிக் காட்ட நோட்டுதான் வசதி. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் தகவல். இரண்டாவதில் எங்கே கிடைத்தது: புத்தகம் என்றால் பக்க எண், ஆள் சொன்னது என்றால் யார், எப்போது. மூன்றாவது பத்தியின் தலைப்பு 'ஏன்?'

அந்த மூன்றாவது பத்தியை வெறுமையாக விடாதீர்கள். 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்' என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அது ஒரு வரி. ஏன் என்று தேடினால், இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்புக்குத் தள்ளுகிறது என்று தெரியவரும். அதன் ரத்தம் நீலம். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு சேர்ந்த பொருள், அதன் ரத்தத்தில் செம்பு சேர்ந்த பொருள். நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுகிறது. அதனால் சீக்கிரம் களைத்துப்போகும், நீந்துவதைவிடத் தரையில் ஊர்ந்து போவதையே விரும்பும். ஒரு வரி இப்போது நான்கு கேள்விகளாகிவிட்டது பாருங்கள்.

சில தகவல்களுக்கு 'ஏன்' கிடைக்கவே கிடைக்காது. அவற்றில் பாதி பொய்யாக இருக்கும்.

இரண்டாம் படி: தேடுவதை வீட்டிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் இணையத்தில் 'ஆச்சரியமான 100 தகவல்கள்' என்று தேடுகிறார்கள். அங்கே கிடைப்பதை எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அடுப்படிக்குப் போங்கள்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி. இவை அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. 1492-ல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போனார், 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஐரோப்பியர், முக்கியமாகப் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் இவை ஒவ்வொன்றாக நம் மண்ணுக்கு வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய ராஜராஜ சோழன் வாழ்நாளில் மிளகாயைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய சாப்பாட்டில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு நம் ஆட்கள் வைத்த பெயரிலேயே அந்தக் கதை இருக்கிறது: மிளகு போலக் காரமான காய், மிளகாய். பறங்கிக்காயும் அப்படித்தான். ஐரோப்பியரைப் 'பறங்கியர்' என்று அழைத்த காலத்துப் பெயர் அது.

இதை ஒரு குடியிருப்பு விழாவில், "சோழர் காலத்துத் திருமண விருந்தில் இவற்றில் எது இருந்திருக்க முடியும்? கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய்" என்று கேட்டேன். விடை கத்தரிக்காய். அதற்குப் பிறகு பத்து நிமிடம் நிகழ்ச்சியே நகரவில்லை. "அப்போ ரசத்துல என்ன போட்டாங்க?" என்று ஒரு அம்மா கேட்க, மிளகும் புளியும் பற்றி மூத்தவர் ஒருவர் பேச ஆரம்பித்தார். அடுத்த சுற்றைச் சுருக்கிக்கொண்டேன். அந்தப் பேச்சை நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்து, வாயில் வரும் சொற்கள். 'அவன் பெரிய எம்டன்' என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22 இரவு, அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்தது. பயந்துபோய் நிறையப் பேர் ஊரைக் காலி செய்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதைச் செயலிழக்கச் செய்தது. கப்பல் போய்விட்டது, சொல் தமிழில் தங்கிவிட்டது. குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை இன்றும் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் பார்க்கலாம்.

தெருப் பெயர்கள், பேருந்து நிறுத்தப் பெயர்கள், கடைப் பலகைகள் எல்லாமே இப்படித்தான். ஊரில் மூத்தவர்களிடம் ஒரு பெயரைச் சொல்லி 'இது ஏன் இப்படி?' என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அது விடை ஆகிவிடாது, தேட வேண்டிய திசையைக் காட்டும்.

புத்தகம் என்று வந்தால், பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் என் இரண்டு தூண்கள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' தளம். இரண்டுமே இலவசம்.

மூன்றாம் படி: தட்டிப் பார்ப்பது

தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான். நான் ஒவ்வொரு தகவலையும் சில விதமாகத் தட்டுகிறேன்.

முதலில், நானே பார்க்க முடியுமா? பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன என்று அடிக்கடி வரும். வரைபடத்தைத் திறந்து தீர்க்கரேகையைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. திருக்காளத்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் கிழக்கே 79.7 பாகையை ஒட்டி இருக்கின்றன. திருக்காளத்திக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 260 கிலோமீட்டர், ஆனால் கிழக்கு மேற்காக விலகல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். திருவண்ணாமலை 79.07 பாகையிலும் திருவானைக்கா 78.7 பாகையிலும் இருக்கின்றன. ஆக, ஐந்து என்பது தவறு, மூன்று என்பது சரி. இந்த மூன்று மட்டுமே போதாதா, உட்கார்ந்து வியக்க? கேள்வியில் 'மூன்று' என்று எழுதிக் கேளுங்கள்.

அடுத்து, கணக்கு ஒத்துவருகிறதா? திருநள்ளாறு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தியைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. பூமிக்கு 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழுந்துவிடும். நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. இந்தச் செய்தி இல்லாமலேயே சனிக்கிழமைதோறும் அங்கே கூட்டம் நிற்கிறது. அந்தக் கோயிலின் பெருமைக்கு இப்படி ஒரு துணை தேவையில்லை.

'நாசா சொன்னது', 'யுனெஸ்கோ அறிவித்தது', 'விஞ்ஞானிகள் திகைத்தனர்' என்று தொடங்கும் எதையும் எடுத்த எடுப்பிலேயே தனியாக ஒதுக்கி வையுங்கள். எந்த ஆண்டு, எந்த ஆள், எந்த அறிக்கை என்று கிடைத்தால் மட்டும் திரும்ப எடுங்கள்.

மூன்றாவதாக, முதலில் சொன்னது யார்? நிலாவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது, எந்த மனிதனும் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே புழங்கிய பேச்சு. அது ஒன்றே போதும், சந்தேகப்பட. நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, சுவரின் அகலமோ சில மீட்டர். 2003-ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு இறங்கினார். பூமிக்கு அவ்வளவு பக்கத்தில் சுற்றியும் தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று நேராகச் சொன்னார். தன் நாட்டின் பெருமை என்று எல்லோரும் நம்பிய ஒன்றை, இல்லை என்று சொல்ல ஒரு மனத்துணிவு வேண்டும். என் நோட்டில் சுவர் பற்றிய வரியை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

நான்காவது தட்டல் நம் மொழி பற்றியது. இதில் நமக்கே மனசு கேட்காது, அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழின் 'காசு' என்பதிலிருந்து போனது என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். அகராதிகளை விரித்துப் பார்த்தால் அங்கே இரண்டு 'கேஷ்' இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் வருவது, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காசா' ஆகியவற்றின் வழி. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு 'கேஷ்' தனிச்சொல். போர்த்துக்கீசியர் வாய்வழியாகத் தமிழ்க் காசிலிருந்து போனது அதுதான். ஒலியில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் கதையும் கலந்துவிட்டது.

சரி, சந்தேகமே இல்லாத சொல் வேண்டுமா? கட்டுமரம். உலகத்துப் படகுக்காரர்கள் எல்லோரும் 'கேட்டமரான்' என்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது இரண்டு தனித்தனி உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்த படகை. நம் கடற்கரையில் கட்டுமரம் என்றால் மரத்துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அலை மேலே ஏறி இடுக்கு வழியாக வடிந்துவிடும், உள்ளே நீர் தேங்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார்கள். சொல் கடல் கடந்து போனது, பொருள் இங்கேயே நின்றுவிட்டது. சுருட்டிலிருந்து போன 'செரூட்', மிளகுத் தண்ணீரிலிருந்து போன 'மல்லிகாட்டானி' என்ற சூப் ஆகியவையும் அகராதிகள் ஒப்புக்கொண்டவை.

இன்னொன்று: பத்துத் தளங்களில் ஒரே செய்தி இருந்தால் பத்து சாட்சி என்று எண்ணாதீர்கள். வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்புள்ளிகூட மாறாமல் இருந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்பது எழுதியது. தனித்தனியாகத் தேடி எழுதிய இரண்டு இடங்கள் கிடைத்தால் போதும்.

விலங்குகளைப் பற்றிய செய்திகளில் பொய் அதிகம். பொன்மீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்பது தவறு. பயிற்சி கொடுத்த மீன்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கற்றதை மறக்காமல் இருக்கின்றன. நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைக்காது. அது தரையில் குழி பறித்து முட்டையிட்டு, அவ்வப்போது தலையைத் தாழ்த்தி முட்டைகளைத் திருப்பிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தவனுக்குத் தலை காணாமல் போன மாதிரி இருந்திருக்கும். காளை சிவப்பைக் கண்டு மிரள்வதில்லை. அதன் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, துணி அசைவதுதான் அதைச் சீண்டுகிறது.

ஞாபகம் பற்றிக் கேள்வி வேண்டுமென்றால் காகத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவையியலாளரின் குழு குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிவிட்டு விட்டுவிட்டது. அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்து போனாலும் காகங்கள் சூழ்ந்துகொண்டு கரைந்தன. வேறு முகமூடி போட்டவர்களை ஒன்றும் செய்யவில்லை. வருடக்கணக்கில் இது தொடர்ந்தது. பிடிபடாத காகங்களும், பிறகு பிறந்த காகங்களும் அந்த முகத்தைப் பகையாகக் கற்றுக்கொண்டன. தினமும் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், முகங்கள் மலர்வதைப் பார்ப்பீர்கள். நம்மையும் அதற்குத் தெரியும் என்ற நினைப்பு லேசான விஷயமா?

நான்காம் படி: தகவலைக் கேள்வியாக்குவது

தகவல் சரியாக இருந்தும் கேள்வி செத்துப்போகலாம். "சென்னை ஐஸ் ஹவுஸ் எந்த ஆண்டு கட்டப்பட்டது?" என்று கேட்டால் 1842 என்று தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் சும்மா இருப்பார். யோசிக்க அங்கே எதுவும் இல்லை. இதையே இப்படி மாற்றுங்கள்: "19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதம் கப்பலில் பயணம் செய்து ஒரு சரக்கு இந்தியாவுக்கு வந்தது. வழியிலேயே ஏறக்குறைய பாதி காணாமல் போயிருக்கும். என்ன சரக்கு?"

இப்போது அணி ஒன்றாகத் தலையைச் சாய்த்துப் பேசும். பாதி காணாமல் போவது எது? திருட்டா, எலியா, உருகிப்போகிறதா என்று ஒருவர் சொன்னதும் இன்னொருவர் 'ஐஸ்!' என்று கத்துவார். பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1833-ல் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார், சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து எடுத்த பனிக்கட்டி அது. சென்னையில் அதைச் சேமித்த கட்டடம்தான் இன்று கடற்கரைச் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம். விடை சொன்ன பிறகு இதைச் சொல்லுங்கள்.

விடை தெரியாதவரும் யோசித்து எட்டக்கூடிய கேள்வியே நல்ல கேள்வி. ஆண்டுகளைக் கேட்பதைவிட ஆண்டுகளை மோதவிடுங்கள். கிளியோபாட்ரா பிறந்தது கி.மு. 69. எகிப்தின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது கி.மு. 2560 வாக்கில். மனிதன் நிலாவில் இறங்கியது 1969. பிரமிடைவிட நிலாப் பயணத்துக்குத்தான் கிளியோபாட்ரா காலத்தால் நெருக்கம். 'கிளியோபாட்ராவுக்கு எது பக்கம்?' என்று கேட்டால் போதும், கூட்டல் கழித்தல் தெரிந்த சிறுவனும் இறங்கிவிடுவான். தீக்குச்சி முந்தியா, லைட்டர் முந்தியா என்பதும் அதே வகை. ஜெர்மனியில் டோபரைனர் 1823-ல் ஹைட்ரஜன் வாயுவை வைத்து லைட்டர் செய்துவிட்டார். இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கியது 1827-ல்.

'முதல்', 'ஒரே', 'மிகப் பெரிய' என்ற சொற்கள் கேள்வியில் வந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். "முதல் தமிழ்ப் படம் எது?" என்று கேட்டால் சண்டை வரும். மௌனப் படக் காலத்தில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதத்தை ஒருவர் சொல்வார், 1931-ல் வந்த காளிதாஸை இன்னொருவர் சொல்வார். "முதல் பேசும் படம்" என்று திருத்தினாலும் ஒரு சிக்கல் உண்டு. காளிதாஸில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். நான் இப்போது அதையே கேள்வியாக வைத்துக்கொண்டேன்: ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் காதல் பேசிய, 1931ஆம் ஆண்டுப் படம் எது?

எழுதிய கேள்வியை உரக்க ஒரு தடவை படியுங்கள். இரண்டு மூச்சுக்கு மேல் போனால் வெட்டுங்கள். அப்புறம் வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்காத இன்னொரு சரியான விடை அங்கேதான் வெளிவரும்.

ஐந்தாம் படி: சுற்றுகள்

முதல் தடவைக்கு நான்கு அணி, நான்கு சுற்று, ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் வரலாறு, வீடு, விலங்கு, சினிமா எல்லாம் கலந்து வரட்டும். சினிமாவை மட்டும் தனிச் சுற்றாக்கினால் படம் பார்க்காத தாத்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எளிய கேள்வியில் தொடங்குங்கள், முதல் விடையைச் சரியாகச் சொன்ன குழந்தை கடைசி வரை உற்சாகமாக இருக்கும். பாஸ் ஆகி வரும் கேள்விக்குப் பாதி மதிப்பெண். பஸ்ஸர் இல்லையென்றால் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுங்கள், நன்றாகவே கேட்கும்.

சமநிலை வந்தால், பக்கத்து எண்ணைச் சொன்னவர் வெற்றி என்ற வகைக் கேள்வி ஒன்று கையில் இருக்கட்டும். டியூடர் ஏற்றிய 180 டன்னை நான் அதற்குப் பயன்படுத்துகிறேன். புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் எண்ணை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். 1896-ல் பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்த போர் வரலாற்றிலேயே மிகச் சிறியது என்பார்கள். 38 நிமிடம் என்று சில இடத்தில், 45 என்று சில இடத்தில் இருக்கிறது. அதை "ஒரு மணி நேரம்கூட ஓடாத போர்" என்று கேளுங்கள், பிரச்சினை வராது.

மேடையில்

விடையை அறிவித்துவிட்டு உடனே அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். 'ஏன்' பத்தியில் எழுதியதை அரை நிமிடம் சொல்லுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் நமக்கு இருப்பது போலவே ஏழே எலும்புதான் என்று சொன்னதும், கூட்டத்தில் பாதிப் பேர் தன் பிடரியைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

தவறான விடை சொன்ன குழந்தையைப் பார்த்து யாரும் சிரிக்க விடாதீர்கள். 'ஏன் அப்படி நினைச்சே?' என்று கேட்டால் பெரும்பாலும் நல்ல காரணம் இருக்கும். யாராவது ஆட்சேபித்தால் நோட்டைத் திறந்து காட்டுங்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றினால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அவர்கள் பெயரோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்த் தேடி, அடுத்த நிகழ்ச்சியில் முதல் வேலையாக முடிவைச் சொல்லுங்கள். தஞ்சாவூர் நிழலை நான் அப்படித்தான் அடுத்த பொங்கலுக்கு, போட்டோவோடு, அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

கடைசிக் கேள்வி மூத்தவர்களுக்காக இருக்கட்டும். நான் வழக்கமாகக் கேட்பது: "1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான ஹரிதாஸ், மூன்று தீபாவளி கண்டது. அந்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி, படத்தின் கதாநாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர் எங்கே இருந்தார்?" விடை, சிறையில். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் படம் வெளியான சில வாரங்களிலேயே கைதாகி, 1947-ல்தான் விடுதலையானார். தியேட்டரில் அவர் பாட்டுக்குக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே இருந்தார். இதைக் கேட்டதும் பின்வரிசையில் யாராவது ஒரு பெரியவர் அந்தப் படத்துப் பாட்டை மெதுவாக முணுமுணுக்க ஆரம்பிப்பார். மைக்கை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.